ஸான்டர்

நெஞ்சுக்கு நேராக
ஒரே சொல் அச்சடித்த பனியன்கள்.
பிசிறு வெட்டி வெட்டி
மூணாம் நாள் எழுத்துக்கூட்டினேன்:
ஸான்டர்.

அப்படின்னா என்னங் சார்?
மெர்ச்சன்டைசர் சென்னியப்பன் போனைத் தடவினார்.
"சோலி இல்லாம, அவசரம் இல்லாம
சும்மா நடக்கறதுங்கக்கா."
அதுக்கெல்லாமா பனியன்?

முதலாளி நடந்தால் வாக்கிங்.
அவிநாசியப்பர் கிளம்பினால் உலா.
என் தம்பி, ஊர்சுத்தி.
நான் நடந்தால் ஒரு சொல் இருக்கிறது,
அதை யாரும் நெஞ்சில் அச்சடிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லை.
மூணு மணிக்கே விட்டுவிட்டார்கள்.
வந்த பஸ்ஸில் ஏறவில்லை.
நொய்யல் பாலத்தில் நின்று
தண்ணி இன்றைக்கு என்ன நிறம் என்று பார்த்தேன்.
காதர்பேட்டையில் எதையும் விலை கேட்கவில்லை.
கன்றுக்குட்டி ஒன்று சந்துக்குள் திரும்பியது,
நானும் திரும்பினேன்.

சந்து முடியுமிடத்தில் வேலாத்தாக்கா:
"எங்க கண்ணு இந்தப் பக்கம்?"

நாக்கு நுனிவரை வந்தது அந்த இங்கிலீஸ்.
முழுங்கிவிட்டு
"டாக்டர்கிட்டீங்க்கா" என்றேன்.

சொன்ன பொய்க்குத் தோதாக
அப்புறம் கொஞ்ச தூரம்
வேகமாக நடக்க வேண்டியிருந்தது.