இடம் வலம்

செவ்வாய்ப்பேட்டையில்
வெளிச்சத்துக்கு முன்னால் என் விசில் எழுந்துவிடும்.
பேட்டரி வண்டி. முதுகில் நான்கு டப்பா,
பச்சை இரண்டு, நீலம் இரண்டு.
நீலத்தில் ஒன்றுக்கு மூடி இல்லை.
போன ஐப்பசி மழையில்
திருமணிமுத்தாறு வாங்கிக்கொண்டது.

எந்த வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டில் சர்க்கரை,
யார் மறுபடி குடிக்கத் தொடங்கினார்,
எல்லாம் பை சொல்லும்.
நான் யாரிடமும் சொல்வதில்லை.

தட்டுவடை செட் கடைக்காரர் மட்டும்
கேட்காமலே பிரித்துத் தருவார்.
பீட்ரூட் தோல் ஒரு வாளி, எண்ணெய்க் கவர் ஒரு சாக்கு.
அவர் வாளியைக் கவிழ்த்த அன்றெல்லாம்
என் கையுறைக்கு மருதாணி.

அர்த்தநாரியின் கொலுசுப் பட்டறை வேறு மாதிரி.
சாயங்காலம் தரையைக் கூட்டுவார்கள்,
ஈ நுழைந்த மூலையைக்கூட விடாமல்.
அந்தத் தூசிக்குப் பூட்டு உண்டு.
கை கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கி
அடியில் படிந்த சேற்றையும் எடுத்து வைப்பார்கள்.
மாதக் கடைசியில் தூசி வாங்குகிறவர் வருவார்.
கிராமுக்குக் கிராம் சண்டை, பிறகு டீ.

அதே வாசலில் எனக்கு
ஒரே ஒரு கறுப்புப் பை.
நேற்றைய சாம்பார், காகித கப்,
பேரனின் டயப்பர், உடைந்த பல்பு,
எல்லாம் ஒன்றையொன்று நனைத்தபடி.

"பிரிச்சுக் குடுங்கண்ணா."
"அதுக்குத்தானம்மா வரி கட்டறோம்."

பேரைப் பாருங்கள்.
திருச்செங்கோட்டு மலைமேல்
ஒரே உடம்பில்
இடமும் வலமும் கலக்காமல் நிற்கிற சாமி பேர்.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை, உச்சி வெயில்.
எங்கள் உரக்கூடத்து வாசலில்
டிவிஎஸ் ஃபிப்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.
சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.
"முந்நூறு கிராம்மா. கல்யாணக் கொலுசு.
பேப்பர்ல சுத்தி வெச்சது,
பையன் குப்பைன்னு போட்டுட்டான்."

மாதேஸ் சிரிப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.
பிரிக்காமல் வந்ததெல்லாம் ஓரமாகக் கிடந்தது,
லாரிக்குக் காத்து, மலை மாதிரி.
"இதுல ஒண்ணு உங்களுது.
எல்லாருமே கறுப்புப் பைதான் குடுக்கறாங்க."

உட்கார்ந்தார்.
யாரும் சொல்லித் தரவில்லை.
தேடுகிற கை தானாகவே பிரிக்கிறது:
தோல் இந்தப் பக்கம், கவர் அந்தப் பக்கம்,
கண்ணாடி தனியாக, துணி தனியாக.
ஐந்து பை முடிந்ததும் மூக்கைப் பொத்துவதை விட்டார்.
பத்தாவது பையில்
அவர் வீட்டு பல்பே அவர் கட்டைவிரலைக் கிழித்தது.

விரலைப் பார்த்தார்.
பிறகு என் கையைப் பார்த்தார்.
டீ குடிக்கக் கையுறையைக் கழற்றியிருந்தேன்.
தழும்புகளை மறைக்கவில்லை,
காட்டவும் இல்லை.

நாலு மணிக்குக் கிடைத்தது.
திருகாணியில் ஒரு துவரம்பருப்பு சிக்கியிருந்தது.
காதருகே வைத்து ஆட்டினார். மணி பேசியது.
மாதேஸ் அதை எங்கள் தராசில் வைத்தான்.
முந்நூற்றெட்டு.
"எட்டு சாம்பாருங்க," என்றான்.
அப்போதுதான் அவரும் சிரித்தார்.

அவர் பிரித்துப் போட்ட பச்சைக் குவியல்
அன்றைக்கு எங்கள் தொட்டிக்குப் போனது.
அதற்கு யாரும் ரசீது கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு வாளி.
பதினோரு நாள், எண்ணினேன்.
பன்னிரண்டாம் நாள் படியில்
மறுபடியும் கறுப்புப் பை.

நான் எடுக்கவில்லை, விசில் மட்டும் ஊதினேன்.
வந்தார். பையைப் பார்த்தார்.
ஒன்றும் பேசாமல் உள்ளே தூக்கிப் போனார்.
கம்பிக் கதவு வழியாகத் தெரிந்தது:
ஒரு பையன் வெள்ளித் தூசியைக் கூட்டிக்கொண்டிருக்க
அவனுக்குப் பக்கத்தில்
மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
குந்தி உட்கார்ந்து
முட்டை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் அவசரப்படுத்தவில்லை.
பின்னால் பால் வண்டிக்காரன்தான்
ஹாரனை விடாமல் அடித்தான்.