இருபது கிலோ

கோல கெட்டில் ஆலையில் நான் எடைமேடைக் கிராணி.
இரவு முறை.
லோரி ஏறும். எண் எழும். சீட்டைக் கிழித்துச்
சின்ன சன்னல் வழியே நீட்டுவேன்.
குலையோடு ஒருமுறை, கொட்டிவிட்டு ஒருமுறை;
கழித்து மிஞ்சுவதற்குத்தான் காசு.

மூன்று மணிக்கு மேல் லோரி ஓய்ந்துவிடும்.
விளக்கடியில் ஈசல்.
ஆவியில் வேகும் செம்பனைப் பழத்தின் வாடை.
மேடையில் ஒருவரும் இல்லை,
திரையில் இருபது கிலோ.

இதை முதலில் பெரிய தளத்தில்தான் எழுதினேன்.
பதினொரு இதயம். அழுது சிரிக்கும் முகம் ஒன்று.
அதற்குக் கீழே
உடல் எடை குறைக்கும் பொடிக்கு விளம்பரம்.

பிறகு குணாளனின் சர்வரில் எழுதினேன்.
கைப்பேசி பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில்,
கழிப்பறைக் கதவுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே,
மூடி உடைந்த மடிக்கணினி ஒன்று
இரவும் பகலும் விழித்திருக்கும்.
அவ்வளவுதான் எங்கள் ஊர். நாற்பத்து மூன்று பேர்.
மாதம் ஐந்து வெள்ளி, மைலோ டின்னில்.
முடியாதவர் போட வேண்டாம்,
டின்னுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

“மழை பெய்ததா அங்கே?” என்றார் ஒருவர்.
இதயம் இல்லை. கேள்வி.
மட்டக்களப்பில் வேறு யாரோ நடத்தும் சர்வரிலிருந்து
இரவுத் தாதி சுபோதினி எழுதினாள்:
எங்கள் குழந்தைத் தராசும் பூச்சியத்தில் நிற்பதில்லை, அக்கா,
துணியைக் கழிக்க மறந்தால் பிள்ளை கொழுத்துவிடும்.
மூன்று இரவு நீண்டது பேச்சு.
உணரிக்குள் ஈரம் என்றார் பட்டர்வொர்த்துக்காரர்.
தவளை என்றார் இன்னொருவர்.
ஒரு தவளை இருபது கிலோவா என்று அவரோடு சண்டை.
“குடும்பமாய் வந்திருக்கும்.”

போன மாதம் தனபாலன் குணாளனோடு முறைத்துக்கொண்டார்.
பிள்ளைகள் படம் போடலாமா, கூடாதா
என்பதில் தொடங்கியது.
தன்னைத் தொடர்ந்தவர்களையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு
வேறு சர்வருக்குக் குடிபோனார்.
ஒன்பதாம் நாள், அங்கிருந்தபடியே
குணாளனின் கத்திரிக்காய்ச் செடிக்கு வைத்தியம் சொல்கிறார்.
முறைப்பு அப்படியே இருக்கிறது. பேச்சு நிற்கவில்லை.

எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.
தோட்டம் கைமாறியபோது அம்மாவுக்கு முப்பது நாள் கொடுத்தார்கள்.
வர்ணம் அடித்தது அவள், கொய்யா வைத்தது அவள்,
வீடு கம்பெனியுடையது.
பிறகொரு நாள் பெரிய தளம் என் கணக்கைப் பூட்டியபோது
அந்த முப்பது நாளும் இல்லை.

நேற்று, ‘துருவாணி’ என்ற பெயரில் எழுதுகிறவர்
(ஊர் தெரியாது, பேர் தெரியாது)
இப்படிப் போட்டிருந்தார்:
நாலு வருடமாய் ஓர் ஆலையில் சீட்டு வாங்குகிறேன்.
சன்னலுக்குள் இருக்கும் கிராணி
ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.
கை மட்டும் தெரியும். கட்டைவிரலில் மை.

இந்த நாட்டில் எத்தனை ஆலை, எத்தனை கிராணி.
என் கட்டைவிரலைப் பார்த்தேன்.
பதில் எழுதத் தொடங்கி அழித்தேன்.

இன்றிரவு முப்பத்தேழு லோரி.
யாரென்று தெரியாததால்
எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தேன்.
ஒருவருக்கு முன்பல் இல்லை.
ஒருவன் வங்காளதேசத்துப் பையன், பயந்துபோனான்.
ஒருவர் சீட்டில் தவறோ என்று திருப்பி நீட்டினார்.
இல்லைங்க, சும்மாதான், என்றேன்.
பசியாறியாச்சா?

மூன்று மணி. மேடை காலி.
திரையில் இருபது கிலோ.
அடுத்த லோரி வரும்வரை
பூச்சியத்தை அழுத்தாமல் விட்டுவைத்தேன்.