ஒரு லிட்டர் இறால்

பியூசும் துறைமுகத்தில்
இறாலை லிட்டரில் அளந்து விற்கிறார்கள்,
மண்ணெண்ணெய் மாதிரி.
படகிலேயே கடல்தண்ணீரில் வேகவைத்தாயிற்று.
தகரக் குவளையால் மொண்டு
காகிதப் பையில் சரித்து
ஒரு பிடி கொசுறும் போட்டார் படகுக்காரர்.
கொசுறுக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று
ஜெசிந்தாவிடம் கேட்டிருப்பேன்,
ஹைடெ நிலையத்தில் ரயிலைத் தவறவிட்டதிலிருந்து
நாங்கள் பேச்சை நிறுத்தியிருக்காவிட்டால்.

ரயில் ஒரு சாக்கு.
என் கைப்பையில் பழுப்பு உறை.
உறைக்குள், தூத்துக்குடி வீட்டில்
அவள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்.
திங்கட்கிழமை ஹாம்பர்க் தூதரகத்தில் கையெழுத்து.
இன்று சனி.
இடையில் ஒரு ஞாயிறும்
ஒரு லிட்டர் இறாலும்.

அணையின் புல்சரிவில் உட்கார்ந்தோம்.
ஆடுகள் மேய்வதை நிறுத்திப் பார்த்தன,
சொத்துத் தகராறு அவற்றுக்கும் தெரிந்ததுபோல.
கூனியைவிடச் சற்றே பெரிது.
மீசை மட்டும் பெரிய இறாலிடம் கடன் வாங்கியது.
இதை உரித்து வயிறு நிறைவதற்குள்
பத்திரப்பதிவே முடிந்துவிடும் என்று தோன்றியது.
சொல்லவில்லை.

தலை ஒரு கையில், வால் ஒரு கையில்,
நடுவில் பூட்டைத் திறப்பதுபோல் ஒரு திருகு.
வால் ஓடு கழன்று வரும்.
மிச்சத்தை மெல்ல இழுத்தால்
காற்புள்ளி அளவுக்குச் சதை.
முதலில் உப்பு.
உப்பு போன பிறகு
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன
ஒரு தித்திப்பு.

நாலாவதில் கை பழகியது.
இருபதாவதில் வேகம் பிடித்தது.
ஜெசிந்தா ஓரக்கண்ணால் என் குவியலைப் பார்த்தாள்.
நான் அவளுடையதை.
போட்டி என்று யாரும் அறிவிக்கவில்லை.

காற்று ஓடுகளைக் கிளப்பி மடியில் கொட்டியது.
"விரிக்க ஏதாச்சும் இருக்கா மைனி?"
மூன்று மணி நேரத்தில் அவள் முதல் பேச்சு.
இருந்தது.
இருந்தது என்று இருவருக்கும் தெரியும்.

பத்திரத்தை உருவி, மடித்து,
கைப்பையின் உள்ளறையில் வைத்தேன்.
வெற்று உறையைக் கிழித்து அகலமாக விரித்தேன்.
அவள் தன் செருப்புகளை
இரண்டு முனைகளில் பாரம் வைத்தாள்.
என் கணவரின் முகவரிமேல்
முதல் கைப்பிடி ஓடு விழுந்தது.

"அண்ணனுக்கு இறால் ஆகாது. தடிச்சிடும்."
"தெரியும். ஆனாலும் திருடித் தின்பார்."
"இன்னுமா?"
"போன ஈஸ்டருக்குக்கூட.
ராத்திரி முழுக்க முதுகைச் சொறிஞ்சு விட்டேன்."

அவள் சிரிப்பு நேராக வரவில்லை,
மூக்கு வழியாக வந்தது, ரொட்டித் துணுக்கோடு.
அவள் கருப்பு ரொட்டி அறுக்க
நான் வெண்ணெய் தடவ
அதன்மேல் இருவர் குவியலும் ஒன்றாகச் சரிந்தது.
யார் அதிகம் உரித்தோம் என்பதற்கு
இனிச் சாட்சி கிடையாது.

நிமிர்ந்தபோது கடலைக் காணோம்.
எங்கள் ஊர்க் கடலுக்கும் வத்தம் உண்டு,
கோபித்துக்கொண்டு நாலு எட்டு தள்ளி நிற்கும்.
இது ஊரையே காலி செய்துவிட்டுப் போயிருந்தது.
கண்ணுக்கெட்டிய வரை சேறு,
சேற்றில் வெறுங்காலோடு நடக்கும் குடும்பங்கள்,
தரைதட்டிச் சாய்ந்த ஒரு சிறு படகு.

"திரும்பி வருமா?"
"ஆறு மணி நேரத்துல."
"அதுவரைக்கும்?"
அவள் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"இன்னொரு லிட்டர் வாங்கலாம்" என்றாள்.

திங்கட்கிழமை தூதரகத்தில்
பசை நாடாவால் ஒட்டிய உறையை நீட்டினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அதிகாரி அதைக் கையில் எடுத்தார்.
திறக்குமுன் மூக்கை லேசாகச் சுளித்தார்.
உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
அவளைப் பார்த்தார்.

நாங்கள் இருவரும்
ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாதென்று
சுவரில் தொங்கிய நாட்காட்டியை
அவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தோம்.