முதுகு

பதினோரு வருஷம் நான் பார்த்தது
மருதமுத்துவின் முதுகை.
கோல்கீப்பருக்கு வாய்ப்பது அவ்வளவுதான்.
முகம் எப்படி என்று தெரிய வேண்டுமானால்
அவனிடம் பந்தைப் பறிகொடுத்தவர்களைக் கேளுங்கள்.

போர்ட் லூயி துறைமுகத்தில்
எண்பது கிலோ சர்க்கரை மூட்டை
ஏறி இறங்கி ஏறிய முதுகு.
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்.
அது இன்னும் கொஞ்சம் சரிந்தால்
பந்து இடப்பக்கம் வருகிறது.
வேறு பயிற்சி எனக்கு யாரும் தரவில்லை.

அதுவரை தீவுக்கென்று அணி கிடையாது.
வெள்ளையருக்கு ஒரு கிளப், கிரியோலுக்கு ஒன்று,
முஸ்லிம்களுக்கு, இந்துக்களுக்கு,
தமிழர் எங்களுக்குத் தனியே ஒன்று.
ஞாயிறன்று ஒருவர் கணுக்காலை ஒருவர் உடைப்போம்.
திங்களன்று ஒரே ஆஸ்பத்திரி வராந்தாவில்
வரிசையாக உட்கார்ந்திருப்போம்.

ரெயூனியனிலிருந்து கடிதம் வந்தது:
உங்கள் அணியை அனுப்புங்கள்.
எந்த அணியை என்று
சங்கம் இரண்டு மாதம் யோசித்தது.

கேப்டனாகக் குறித்தது
ஆலை முதலாளியின் மருமகன் கெர்வானை.
கப்பலுக்கு மூன்று நாள் இருக்கையில்
குதிரை அவனைத் தள்ளிவிட்டது.
புதுப் பெயரைச் சுவரில் ஒட்டினார்கள்:
மர்தேமூட்டூ.
யார் இது என்று அவனே கேட்டான்.

கடலில் இரண்டு இரவு
எல்லாரும் வாந்தி எடுத்தோம், ஒரே வாளியில்.
அணி உண்டானது அந்த வாளியில்தான் என்பான் பின்னாளில்,
சாராயக்கடையில்.
மேடை எதுவும் அவனுக்குத் தரப்படவில்லை.

பூட்ஸ் கட்டாயம் என்றார்கள்.
கணுக்காலில் துணி சுற்றி
வெறுங்காலில் ஆடியே பழகியவன்.
கிடைத்தது ஒரு சைஸ் பெரியது, கயிறு இல்லாமல்.
என்னிடம் உபரியாக இருந்த ஜோடியைக் கொடுத்தேன்,
திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி.

எதிரணிக் கேப்டன் பெயர் ழோசெப் சினாமாலே.
சின்னமலையைப் பிரெஞ்சு மென்று துப்பிய மிச்சம்.
இரண்டு பேரும் கிரியோலில் வணக்கம் சொன்னார்கள்.
இரண்டும் ஒரே கிரியோல் இல்லை.
நாணயத்தில் ராஜா தலை எங்களுக்கு விழுந்தது.

கேப்டனாக ஆறு ஆட்டம்.
நான்கு வெற்றி, ஒரு சமன்.
ஆறாவது மடகாஸ்கரில்.
மழை.

எண்பத்தெட்டாவது நிமிஷம்.
குழந்தை உருட்டிவிட்டது போல ஒரு பந்து.
தோள் சரியவில்லை, நான் நகரவில்லை.
என் கைக்கும் முழங்காலுக்கும் நடுவே
அது பாட்டுக்குப் போய் வலையில் உட்கார்ந்தது.

அப்போது திரும்பினான்.
ஆட்டத்தின் நடுவே முதன்முறையாக அவன் முகம்.
வசவுக்குத் தயாராக நின்றேன்.
மூக்கில் சேறு, வேறொன்றும் இல்லை.
நேரே ரெஃபரியிடம் போனான்,
பிறகு பத்திரிகைக்காரனிடம்.
"என் காலில் பட்டுத் திரும்பியது."

தம் வலைக்குள்ளேயே அடித்த கேப்டன்
என்று பேப்பரில் வந்தது.
அந்த ஒரு முறைதான்
பெயரில் பிழை இல்லை.

அதோடு முடிந்தது.
கெர்வானுக்குத் தோள் எலும்பு கூடிவிட்டிருந்தது.
நான் இன்னும் மூன்று வருஷம் ஆடினேன்.
புது முதுகு சட்டைக்குள் நேராக இருந்தது.
அதில் எனக்கு எதுவும் படிக்க வரவில்லை.

பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம்.
யார் கேட்டது அவனை?
தவிர, நிஜமாகவே பட்டிருக்கலாம்.
பந்துக்கும் எனக்கும் நடுவில் அந்த முதுகு.
நான் எதைக் கண்டேன்?

ஒரு நாள் துறைமுகத்துக்கே போய்க் கேட்டேன்.
மூட்டையின் அடியிலிருந்து,
தரையைப் பார்த்தபடி சொன்னான்:
"காலில் எங்கே பட்டது?
கயிற்று முடிச்சில் பட்டது.
கயிறு உன்னுடையது.
ஆளுக்குப் பாதி."

பலகைமேல் ஏறினான்.
இடது தோள் சரிந்தது.
யோசிக்காமல் இடப்பக்கம் நகர்ந்தேன்,
பின்னால் மூட்டையோடு வந்தவன்
என்மேல் மோதித் திட்டினான்.

கயிறு இன்னும் வரவில்லை.