ஒற்றை விசில்

வண்ணார்பேட்டை ஷோரூமில்
"பையனுக்கா அண்ணாச்சி?" என்றான்.
எனக்குத்தான் என்றதும்
சின்ன வண்டிகள் நின்ற மூலைக்குக் கூட்டிப்போனான்.
நான் பெரியதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.
இரண்டு காலையும் முன்னால் நீட்டினேன்,
நீட்ட இடமிருந்தது.
ஜங்ஷனுக்கும் வடசேரிக்கும் நடுவே
முப்பத்தோரு வருஷம் நின்றே போய்வந்தவனுக்கு
விலை கேட்காமல் தலையாட்ட
அந்த ஒரு முழம் போதும்.

கெண்டைக்காலில் ஊதாவாய்க் கிளைபிரியும் நரம்புகளை
ஹைகிரவுண்ட் டாக்டர் பேனாவால் தொட்டு
"இது எந்த ரோடுவே?" என்று சிரித்தார்.

வயது அறுபத்தேழு.
முட்டிவரை இறுக்கும் காலுறை.
மேலப்பாளையம் சேகுமதார்
இரண்டுமுறை பிரித்துத் தைத்த சீட்டில்
வாலெலும்புக்கு மட்டும் உள்ளே ஒரு பள்ளம்,
வெளியே தெரியாது.
முள் ஐம்பத்தைந்தைத் தாண்டாது.
மணிக்கொரு தரம் ஏதாவது ஒரு வேம்படியில் நிறுத்துவேன்,
வண்டி சூடாகிறது என்று சொல்லிக்கொண்டு.
ஒதுங்க வேண்டியது நான்.

மங்களூருக்கு ஒன்பது நாள் கணக்கு.
முதல் ராத்திரி நாகர்கோயில்.
"எம்பது கிலோமீட்டருக்கு லாட்ஜா மாமா?
நாங்க மத்தியானச் சோத்துக்குத் திரும்பிருவோமே"
என்றான் மருமகன் கந்தசுப்பு.
அவன் இடுப்பு இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

ரெட்டியார்பட்டி மலை
இரண்டாய்ப் பிளந்து வழிவிட்டபோது
வெயில் முன்னாலிருந்து வந்தது.
அத்தனை வருஷமும் ரோடு
டிரைவர் அந்தோணிப்பிச்சையின் பிடரிக்கு அந்தப்பக்கம் கிடந்தது.
எனக்கு வாய்த்ததெல்லாம்
கைக்குட்டை மடித்துவைத்த அவர் காலர்,
சில்லறைக்கு அண்ணாந்த முகங்கள்,
பின்கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போன பனைகள்.
பொன்னாக்குடி எனக்கொரு கட்டணம்,
மூன்றடைப்பு அதைவிடக் கொஞ்சம் கூட.
நாங்குநேரியில் இவ்வளவு தண்ணீரா?
நாமக்கோழி ஒன்று
கரையில் கழுத்தை ஆட்டி ஆட்டி நடந்ததை
நிறுத்திப் பார்த்தேன்.
பின்னால் ஒருவரும் பெல் அடிக்கவில்லை.

உலகம்மை போன் பண்ணினாள்.
"எங்க போறிய?"
"நாலாவது ஸ்டேஜ்."
"சரி, மாத்திரை."
வைத்துவிட்டாள்.

வள்ளியூருக்கு முன்னால்
நம்ம பஸ் ஒன்று என்னைத் தாண்டிற்று.
அதே டீசல், அதே பின்படி.
திடீரென்று ஒற்றை விசில்.
என் இரண்டு கையும் பிரேக்கைக் கவ்வின,
நடுச்சாலை ஓரத்தில் மூச்சடைத்து நின்றேன்.
ஆயுசுக்கும் ஊதியவன் நான்,
நின்றவர் அந்தோணிப்பிச்சை;
இந்தக் கைகளுக்கு
யார் எப்போது சொல்லிக்கொடுத்தது?

இறங்கியது ஒரு பெண்,
ஒரு மண்ணெண்ணெய் கேன், ஒரு சேவல்.
சேவலுக்கு லக்கேஜ் போட்டாயா என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
இரட்டை விசில்.
பஸ் போனது.
புழுதி இறங்கும்வரை
நான் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை.
அது அவர்களுக்கான விசில்.

என்னுடையதை நானே ஊதினேன்,
விரலை மடக்கி வாயில் வைத்து.
முதலாவது வெறும் காற்றாய்ப் போயிற்று,
கடைவாய்க்கு முந்திய பல் இல்லாத சந்துவழி.
இரண்டாவது பரவாயில்லை.
சேவல் திரும்பிப் பார்த்தது.

பணகுடி தாண்டியதும் கணவாய்க் காற்று
வலப்பக்கம் தோள்கொடுத்துத் தள்ள ஆரம்பித்தது.
ஆனி மாசம், காத்தாடிகளுக்கெல்லாம் முழுநேர வேலை.
வண்டியை அதன்மேல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்
நேராகப் போகிறது.
கூட்டத்தில் கம்பியில் சாய்ந்து
டிக்கெட் கிழித்த அதே சாய்மானம்.

காவல்கிணற்றில் கருப்பட்டிக் காப்பி.
இறங்கும்போது கால் தரையைத் தேடி
ஒருகணம் தடுமாறியது.
வலிக்கவில்லை.
நம்பாமல்
இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தேன்.
லாட்ஜுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்.
மணி பதினொன்றுகூட ஆகவில்லை.