ஒற்றை விசில்

விசா கிடைக்கவில்லை.
சூரிச்சில் மகன் பார்த்து வைத்த பனிமலைக்கும்
எங்களுக்கும் இடையில்
ஒரு முத்திரை குறைந்தது.
டிப்போவில் சண்டை போட்டு வாங்கின பதினாலு நாள் லீவைத்
திருப்பிக் கொடுக்க மனசில்லாமல்
வடசேரியில் ஒரு வெள்ளைக் காரை
நாள் வாடகைக்கு எடுத்தோம்.

ஓட்டுவது நான்.
லைசென்ஸ் எடுத்து ஏழு மாசம்.
பக்கத்தில் உட்கார மாட்டார் டென்னிசன்.
இருபத்தொன்பது வருஷம் பின்வாசலில் நின்ற உடம்பு;
தான் பின்னால் இருந்தால்தான்
வண்டி நகரும் என்று நம்பும்.

"போலாம், ரைட்."
வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

சுங்கான்கடையில் காலேஜ் பிள்ளைகள் சில்லறை தராது.
வில்லுக்குறியில் ஒரு பலாப்பழத்துக்கு
லக்கேஜ் போட்டு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிற்று.
தக்கலையில் நாளுக்கு எட்டுத் தடவை
"அரண்மனைக்கு எறங்குறவங்க எறங்குங்க" என்று
டெல்லிக்காரரையும் ஜெர்மன்காரரையும் இறக்கிவிட்ட மனிதர்
அரண்மனையைப் பார்த்ததில்லை.
நாங்கள் போன அன்று திங்கட்கிழமை.
திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.
"அப்போ திங்கக்கெழமை நான் எறக்கிவிட்டவனெல்லாம்
என்ன செய்திருப்பான் பிள்ளே?"
பூட்டின கதவைப் பார்த்து
ரொம்ப நேரம் நின்றார்,
கணக்கில் குறைந்த பையைப் பார்ப்பதுபோல.

திற்பரப்புக்கு, போனுக்குள் இருக்கும் பெண்
வழி சொன்னாள்.
"நூறு மீட்டரில் இடதுபக்கம் திரும்பவும்."
"அவ எந்த டிப்போ?" என்றார் இவர்.
அவள் இடது என்றாள், இவர் வலது என்றார்,
நான் ரெண்டு பேருக்கும் பொதுவாய் நேராகப் போனேன்.
குலசேகரம் தாண்டி
தார் முடிந்து, செம்மண்ணும் முடிந்து
ரப்பர் ஷீட் காயப்போட்ட கொடிக்குள் போய் நின்றோம்.
கண்ணாடி முழுக்க ஷீட்.
பதற்றத்தில் வைப்பரைப் போட்டேன்.
அது ஒரு ஷீட்டைப் பிடித்து
இங்குமங்கும் ஆட்டியது, டாட்டா காட்டுவதுபோல.
"நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்"
என்றாள் போன்காரி.

வெட்டுக்கத்தியோடு ஓடிவந்த செல்லக்கண்
திட்ட வாயெடுத்து, பின்சீட்டைப் பார்த்து, நிறுத்தினார்.
"நம்ம கண்டக்டரில்லா?
பாக்கி ஏழு ரூவா தரணும் வோய் நீரு."
அந்த ஏழு ரூபாய்
மரச்சீனி அவித்து, காந்தாரி மிளகு அரைத்து
ஒன்றரை மணிநேரம் ஓடிற்று.
அருவியைப் பார்க்கவில்லை.
சத்தமாவது கேட்டதே என்றேன்.
"அது ஷீட் அடிக்கிற மெஷின்" என்றார்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில்
கீழே பறளியாற்றைக் கண்டதும் என் முட்டு கழன்றது.
கண்ணை மூடிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்தேன்.
அவரும் மூடிக்கொண்டிருந்தார் என்பது
போட்டோவில்தான் தெரிந்தது.
மூடின கண்ணோடேயே
எதிரே வந்த பள்ளிக்கூடச் சத்தத்தை நோக்கி
"ஓரத்துல நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்றார்.
போயின, பாவம், வரிசையாக.

மூன்றாம் நாள் கன்னியாகுமரி.
சூரியன் இறங்குவதைப் பார்க்க
நாலு மணிக்கே புறப்பட்டும்
கொட்டாரத்துக்கு இந்தப்பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தோம்.
முன்னால் பஸ், அதற்கு முன்னால் லாரி,
அதற்கும் முன்னால் எங்கேயோ கடல்.
திடீரென்று பின்கண்ணாடியில்
என்னமோ பற்றி எரிந்தது.
பயந்துபோய்ப் பார்த்தேன்.
விரல்நீளக் கண்ணாடிக்குள்
வேளிமலையும் முழுச் சூரியனும்.

"இஞ்சேருங்கோ, திரும்பிப் பாருங்கோ."

திரும்பினார். ஒன்றும் பேசவில்லை.
சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து
ஒற்றையாக ஊதினார்.
என் கால் தன்னால் பிரேக்குக்குப் போயிற்று.
முன்னால் போன அரசுப் பஸ்ஸும் நின்றது.
அதிலிருந்து ரெண்டு பேர் இறங்கினார்கள்,
காரிலிருந்து டென்னிசன்.
வாழைத்தோட்டத்து வரப்பில்
கடைசிச் சிவப்பு போகும்வரை நின்றார்.
பின்னால் ஊரெல்லாம் ஹாரன்.

குடையும் டிபன் பாத்திரமுமாய் ஒருத்தி
என் ஜன்னலைத் தட்டினாள்.
"அஞ்சுகிராமம் போவுமா?"
நான் வாய் திறக்குமுன்
பின்கதவு திறந்தது.
"ஏறு, ஏறு, வெரசா ஏறு."

அஞ்சுகிராமத்தில் எங்களுக்கு ஒரு வேலையுமில்லை.
ரெண்டு விசில்.
கியரைப் போட்டேன்.