நாற்பத்தேழு ரூபாய்

சீட்டெடுத்த காசில் வாங்கியது.
முன்னால் பெட்டி, பின்னால் நான்,
நடுவில் ஆறு கிலோ பேட்டரி.
வந்த முதல் நாளே சந்துப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்:
"அக்கா, குல்ஃபி எவ்ளோ?"

பெட்டிக்குள் இதுவரை போனவை:
ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர்,
மண்ணடி பைப் கடையின் மூன்று வருடக் கணக்கு,
காசிமேட்டில் விடியுமுன் பேரம் பேசிய
அரைக் கூடை சங்கரா,
பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற ஜெனிலா.
மீன் வாசனை மட்டும் இறங்கவே இல்லை.
வகுப்பில் பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்தாளாம்.
எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தேன் ஒரு ஞாயிறு முழுக்க.
இவள் திங்கட்கிழமை
வறுத்த நெத்திலியை டப்பாவில் கொண்டுபோய்
வகுப்புக்கே விநியோகம் செய்துவிட்டு வந்தாள்.

வண்டிக்குச் சத்தம் கிடையாது.
அதனால் வாயால் ஓட்டுகிறேன்.
அண்ணே ஓரம், தம்பி ஓரம், ஆயா பாத்து...
மூலக்கொத்தளம் வருமுன் தொண்டை கட்டிவிடும்.
மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர்
தடதடவென்று பக்கத்தில் வந்து நிறுத்தினார்.
"இன்னாம்மா, இன்ஜின எங்க வெச்சிக்கீற?"
சக்கரத்துக்குள் என்றேன். நம்பவில்லை.
கல்யாண வீட்டு வாசலில்
ஒற்றைச் செருப்பைத் தேடுகிறவர்போல
குனிந்து குனிந்து பார்த்தார்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டால் இருபது நிமிடம்.
டேங்கர் வேகன்களை எண்ணுவேன்.
நாற்பதைத் தாண்டியதும் எங்கோ விட்டுப்போகும்.
கண்டெய்னர் லாரியின் சக்கரம் என் தோள் உயரம்.
அந்த நேரத்தில் மட்டும்
நான் ஓட்டுவது பொம்மை என்று தெரியும்.

"காமன் மீட்டர்ல சொருவாத."
கீழ் வீட்டுக் கன்னியப்பன்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையரானவர்.
படிக்கட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதியும் வைத்தார்:
மூணாம் மாடி, 47 ரூபா.
கொடுத்துவிட்டேன்.
அன்றிலிருந்து பேட்டரியை இடுப்பில் வைத்து
ஐம்பத்துநான்கு படி ஏறினேன்.
ஜெனிலாவைச் சுமந்த அதே இடப்பக்க இடுப்பு.
அவளாவது வளர்ந்து இறங்கிக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
கரண்ட் போய் ஆறு மணி நேரம்.
கதவைத் தட்டியது அவர் மனைவி லீலாவதி.
மூச்சு வாங்குது, மார அடைக்குதுன்றாரு.
ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறதாம்,
கூட்ஸ் பாதியில் நின்றுவிட்டதாம்.
தண்ணீரைப் பார்த்து ஆட்டோ எதுவும் வரவில்லை.
என் பேட்டரியில் இரண்டு கோடு.

ஆயிரம் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றிய மனுஷன்
முழங்கால் தாடையில் இடிக்க
மீன் வாசனைப் பெட்டிக்குள் உட்கார்ந்தார்.
தலைக்கு மேல் லீலாவதி பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தினாள்.

பாலத்து ஏற்றத்தில் ஒரு கோடு.
உச்சிக்கு வருமுன் அதுவும் அணைந்தது.
பெடல் இருக்கிறதே, மிதித்தேன்.
எண்பது கிலோ அவர்,
அதற்குமேல் மழை.
ஷீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது,
ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கி:
"இதுக்கு... எத்தினி... யூனிட்டு ஆவும்?"

"கரண்டே இல்லண்ணே. கால்தான் ஓடுது."

அப்புறம் அவர் பேசவில்லை.
பேசவில்லையே என்று பயந்து
இன்னும் வேகமாக மிதித்தேன்.

ஸ்டான்லி வாசலில் ஸ்ட்ரெச்சர்காரர்
பெட்டியை எட்டிப் பார்த்து, இன்னா வண்டி இது என்றார்.
பதில் சொல்ல என்னிடம் காற்று இல்லை.

பதினோராம் நாள் வீடு திரும்பினார்.
பேட்டரியோடு நான் படியேறும்போது
"கீயவே சொருவு" என்றார், முகத்தைப் பார்க்காமல்.
ஒன்றாம் தேதியானால் காசு வாங்கிக்கொள்கிறார்,
சில்லறையை இரண்டுமுறை எண்ணி.

போன வாரம் படிக்கட்டுக்கு வெள்ளையடித்தார்கள்.
ஒரு முழம் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னாராம்.
கரி எழுத்து அப்படியே இருக்கிறது,
சுற்றிலும் புதுச் சுண்ணாம்பு.

கஞ்சத்தனமா என்னவென்று தெரியவில்லை, கேட்கவுமில்லை.
மணி எட்டாகிறது,
ஜெனிலா பெட்டியில் ஏறிவிட்டாள்.
கேட் போடுவதற்குள் தாண்ட வேண்டும்.